கழுத்துக்குள் ஒரு டியூப் மட்டம்: ஊசி குத்தாமல் மையச் சிரை அழுத்தத்தை அளப்பது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

கூடுவாஞ்சேரியிலிருந்து இன்னொரு எபிசோடு. இன்னைக்கு ஒரு சின்ன சோதனையோட ஆரம்பிக்கலாம். ஜிஎஸ்டி ரோட்டுல வண்டி ஓட்டிக்கிட்டே கேக்குறவங்க மட்டும் அப்புறமா செய்யுங்க. டிரெயின்ல சீட் கிடைச்சு உட்கார்ந்திருக்கிறவங்க இப்பவே செய்யலாம்.

ஒரு கையைக் கீழே தொங்க விடுங்க. ஒரு நிமிஷத்தில் புறங்கையில் பச்சை, நீலமாகக் கோடுகள் புடைத்து நிற்கும். நம்ம ஊரில் அதை 'நரம்பு' என்போம். ஆஸ்பத்திரியிலும் "நரம்பு கிடைக்கலை" என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அது நரம்பு இல்லை, சிரை. இதயத்துக்குத் திரும்பிப் போகிற ரத்தத்தின் பாதை. இப்போ அந்தக் கையை மெதுவாக மேலே தூக்குங்க. இதயம் இருக்கிற உயரத்தைக் கொஞ்சம் தாண்டும்போது புடைப்பு அப்படியே அமுங்கிப் போகும்.

ரொம்பத் தோராயமாக, நீங்க இப்போ உங்க மையச் சிரை அழுத்தத்தைப் பார்த்துட்டீங்க. வியன்னாவைச் சேர்ந்த குஸ்தாவ் கேர்ட்னர் என்ற மருத்துவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதையே ஒரு அளவுமுறையாக எழுதினார். ஊசி குத்தாமல் இந்த அழுத்தத்தை அளக்க என்னென்ன வழி இருக்கு, எது எவ்வளவு நம்பகமானது என்பதுதான் இன்றைய எபிசோடு. நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் இன்ஜினியர். அதனால் ஒரு அளவீட்டுப் பிரச்சினையாகத்தான் இதைப் பார்க்கப் போகிறேன்.

ஒரு டம்ளர் உயரம்

உடம்பு முழுக்கச் சுற்றிய ரத்தம் இரண்டு பெரிய சிரைகள் வழியாக இதயத்தின் வலது மேலறைக்குத் திரும்புகிறது. தலை, கைகளிலிருந்து வருவது மேற்பெருஞ்சிரை. வயிறு, கால்களிலிருந்து வருவது கீழ்ப்பெருஞ்சிரை. இவை இதயத்தில் சேரும் இடத்தில் இருக்கிற அழுத்தம்தான் மையச் சிரை அழுத்தம். ஐசியூவில் சிவிபி என்பார்கள்.

பிபி என்றால் நமக்கு 120/80 தெரியும். அது தமனியின் அழுத்தம். சிவிபி அதைவிட மிகக் குறைவு: ஆரோக்கியமான ஒருவருக்கு ஏறத்தாழ 2 முதல் 8 மி.மீ. பாதரசம். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனமானது. ஆகவே 1 மி.மீ. பாதரசம் என்பது 1.36 செ.மீ. தண்ணீர். இந்தக் கணக்கில் 120 என்ற தமனி அழுத்தம் 163 செ.மீ. உயரத் தண்ணீரைத் தாங்கும், கிட்டத்தட்ட ஒரு ஆள் உயரம். சிவிபி தாங்குவது 3 முதல் 11 செ.மீ. வரை. அதாவது அதிகபட்சம் ஒரு காபி டம்ளர் உயரம்.

இவ்வளவு சின்ன எண் என்பதால்தான் அளப்பது கஷ்டம். 120-ல் 4 தப்பினால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். 6-ல் 4 தப்பினால் நோயாளியின் கதையே மாறிவிடும்.

சரி, இது எதைச் சொல்கிறது? நம்ம வீட்டுச் சம்ப்பை நினைச்சுக்கோங்க. ஒரு பக்கம் தண்ணீர் வந்து விழுகிறது, இன்னொரு பக்கம் மோட்டார் அதை மேலே ஏற்றுகிறது. சம்ப் நிரம்பி வழிந்தால் இரண்டில் ஒன்று: வரத்து அதிகம், இல்லையென்றால் மோட்டார் இழுக்கவில்லை. மட்டத்தை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. சிவிபியும் அப்படித்தான். சிறுநீரகம் வேலை செய்யாமல் உடம்பில் நீர் சேர்ந்தாலும் ஏறும். இதயம் பலவீனமானாலும் ஏறும். நுரையீரல் ரத்தக்குழாயில் அடைப்பு வந்தாலும், இதயத்தைச் சுற்றியுள்ள பையில் நீர் கோத்தாலும் ஏறும். இந்தச் சம்ப்பை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

நேராக அளந்தால் என்ன?

நேரடி வழி இருக்கிறது. கழுத்திலோ காறை எலும்புக்குக் கீழேயோ ஊசி குத்தி, மெல்லிய குழாயைப் பெரிய சிரைக்குள் செலுத்தி, அழுத்தமானியில் இணைப்பார்கள். சென்ட்ரல் லைன் என்பது அதுதான். இதயம் வரை குழாய் விடலாம் என்று முதலில் காட்டியவர்களில் ஒருவர் ஜெர்மனியின் வெர்னர் ஃபோர்ஸ்மான். 1929-ல் தன் கைச் சிரை வழியாகத் தானே குழாயைச் செலுத்திக்கொண்டு, அப்படியே எக்ஸ்ரே அறைக்குப் போய்ப் படம் எடுத்தார். 1956-ல் அவருக்கும் இன்னும் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் சென்ட்ரல் லைனுக்கு ஒரு விலை உண்டு. நுரையீரலில் ஊசி பட்டுக் காற்று கசியலாம். சிரைக்குப் பதில் பக்கத்துத் தமனியில் குத்திவிடலாம். நாள் ஆக ஆகக் கிருமித் தொற்று வரலாம். ஐசியூவில் உயிருக்குப் போராடும் ஒருவருக்கு மருந்து செலுத்தவே அந்தக் குழாய் தேவைப்படும், அங்கே இந்த விலை நியாயம். கால் வீங்கி ஓபி வரிசையில் நிற்கிறவருக்கு இதைச் செய்ய முடியுமா?

நம்ம பகுதியில் இந்தக் கேள்வி கூர்மையாக வருவது டெங்குவில். வடகிழக்குப் பருவமழை வந்தாலே வார்டுகளில் டெங்குவும் வரும். தீவிர டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. ரத்தக்குழாய் சுவர் வழியாக ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசியும். இந்தக் கசிவு பொதுவாக 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். அப்போது டிரிப்ஸ் குறைவாகப் போனால் குழந்தை ஷாக்கில் போய்விடும். அதிகமாகப் போனால், கசிவு நின்றதும் வெளியே போன நீரெல்லாம் திரும்ப ரத்தத்துக்குள் வரும், நுரையீரலில் நீர் கோக்கும், மூச்சுத் திணறும். உள்ளே எவ்வளவு அழுத்தம் என்று மணிக்கணக்கில் கவனிக்க வேண்டிய நேரம் அது. அதே நேரத்தில் பிளேட்லெட் தரைமட்டத்தில் இருக்கும். காறை எலும்புக்குக் கீழே ரத்தம் கசிந்தால் வெளியிலிருந்து அழுத்தி நிறுத்த முடியாது. அளவு ரொம்பத் தேவைப்படும்போதுதான் ஊசி ரொம்ப ஆபத்து. குத்தாத வழிகளின் அருமை இங்கேதான் தெரியும்.

வழி 1: கழுத்தைப் பார்ப்பது

வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் டியூப் மட்டம் பிடிப்பதைப் பார்த்திருப்பீங்க. கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர். ஒரு முனையை இந்தச் சுவரிலும் மறுமுனையை அந்தச் சுவரிலும் வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே மட்டம் காட்டும்.

வலது பக்கக் கழுத்தின் உட்புறச் சிரை அப்படி ஒரு டியூப். நடுவில் தடையில்லாமல், கிட்டத்தட்ட நேராக, வலது மேலறைக்கு இறங்குகிறது. இதயத்தில் அழுத்தம் கூடினால் கழுத்தில் ரத்தத்தின் மட்டம் ஏறும். தோலுக்கு மேலே அது ஒரு மெல்லிய துடிப்பாகத் தெரியும்.

இந்தத் துடிப்பை வரைபடமாக்கியவர் ஜேம்ஸ் மெக்கன்சி. இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் சாதாரணக் குடும்ப டாக்டர். கழுத்துத் துடிப்பையும் கைத் துடிப்பையும் ஒரே தாளில் பதியும் கருவியை உருவாக்கி, 1902-ல் நாடித் துடிப்பு பற்றிப் புத்தகமே எழுதினார். அதை அளக்கும் எளிய முறையை 1930-ல் தாமஸ் லூயிஸ் சொன்னார். இன்றும் பொத்தேரியில் டிரெயின் ஏறுகிற வெள்ளைக் கோட்டு மாணவர்களை நிறுத்திக் கேட்டால் அதைத்தான் ஒப்பிப்பார்கள்.

முறை இதுதான். நோயாளியைச் சுமார் 45 டிகிரி சாய்த்துப் படுக்க வைத்து, தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழவிட்டு, துடிப்பின் உச்சி எங்கே என்று பார்க்க வேண்டும். மார்பெலும்பை மேலிருந்து தடவி வந்தால் ஒரு சின்ன மேடு தட்டுப்படும். அதிலிருந்து துடிப்பின் உச்சி செங்குத்தாக எத்தனை செ.மீ. உயரம் என்று ஸ்கேல் வைத்து அளந்து, 5 கூட்டினால் சிவிபி, தண்ணீர் செ.மீ. கணக்கில். மேட்டுக்கு மேல் 3, 4 செ.மீ. தாண்டினாலே அதிகம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

பக்கத்திலேயே தமனியும் துடிக்குமே, குழப்பம் வராதா? வரும். பிரித்தறிய அடையாளங்கள் உண்டு. தமனி ஒரு இதயத்துடிப்புக்கு ஒரு முறை விரலை முட்டும். சிரை பெரும்பாலும் இரண்டு முறை மினுங்கும், விரலில் தட்டுப்படாது. மூச்சை உள்ளே இழுத்தால் சிரையின் மட்டம் இறங்கும், வயிற்றை அழுத்தினால் ஏறும். மூச்சை இழுக்கும்போது இறங்காமல் ஏறினால் அதுவே ஒரு துப்பு: இதயத்தின் மேலுறை இறுகிப் போயிருக்கலாம். 1873-ல் குஸ்மாவுல் விவரித்த அடையாளம் இது. அப்படி உறை இறுகுவதற்கு நம் நாட்டில் ஒரு முக்கியக் காரணம் காசநோய். ஒரு பைசா செலவில்லாமல், கண்ணால் மட்டும் கிடைக்கிற தகவல்.

கவனமாகக் கேட்டவங்க இந்நேரம் ஒரு கணக்கு போட்டிருப்பீங்க. 3 கூட்டல் 5, மொத்தம் 8 செ.மீ. அதைப் பாதரசத்துக்கு மாற்றினால் 6 மி.மீ.தானே, அது நார்மல்தானே? சரியான கேள்வி. சிக்கல் அந்த 5-ல் இருக்கிறது. மேட்டிலிருந்து வலது மேலறையின் நடுவு வரை எப்போதும் 5 செ.மீ. என்று லூயிஸ் முறை எடுத்துக்கொள்கிறது. சிடி ஸ்கேனில் அளந்தபோது, சாய்ந்திருக்கும் நிலையில் அந்தத் தூரம் 5-ஐவிட நன்றாகவே அதிகம், ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று தெரிந்தது. நம்ம பாஷையில் சொன்னால், கோடில் யாரோ நேரடியாக எழுதி வைத்த மாறிலி. அதனால் கழுத்துமுறை உண்மையான அழுத்தத்தைக் குறைத்தே காட்டும். "அதிகம்" என்று காட்டினால் நம்பலாம். "நார்மல்" என்று காட்டினால் கொஞ்சம் சந்தேகப்படணும். குட்டையான, பருமனான கழுத்தில் துடிப்பே தெரியாமலும் போகும்.

வழி 2: ஸ்கேன்

அடுத்து அல்ட்ராசவுண்ட். நெஞ்சுக்குழிக்குக் கீழே புரோபை வைத்தால் கீழ்ப்பெருஞ்சிரை தெரியும். அது கெட்டியான பைப் இல்லை, மெல்லிய ரப்பர் டியூப் மாதிரி. அழுத்தம் குறைவாக இருந்தால் மூச்சை இழுக்கும்போது சப்பையாகும். அழுத்தம் அதிகமென்றால் உப்பி, அசையாமல் நிற்கும்.

அமெரிக்க எக்கோ சங்கம் 2010-ல் இதற்கு ஒரு விதி கொடுத்தது. சிரையின் விட்டம் 21 மி.மீ.க்குள் இருந்து, மூக்கை உறிஞ்சும்போது பாதிக்கு மேல் சுருங்கினால், அழுத்தம் 3 மி.மீ. பாதரசம் என்று எடுத்துக்கொள். 21-க்கு மேல் இருந்து, பாதிகூடச் சுருங்கவில்லை என்றால் 15. இரண்டுக்கும் நடுவில் எது வந்தாலும் 8.

பாருங்க, இது அளவே இல்லை. மூன்று டப்பா, எந்த டப்பாவில் விழுகிறோம் என்பதுதான் பதில். ஆனால் இந்தப் பதில் வேறு கணக்குக்குள் போகிறது. எக்கோ ரிப்போர்ட்டில் நுரையீரல் தமனியின் அழுத்தம் என்று ஒரு எண் வரும். வலப்பக்க வால்வில் ரத்தம் பின்னோக்கிக் கசியும் வேகத்தை எடுத்து, அதன் வர்க்கத்தை 4-ஆல் பெருக்கி, இந்த டப்பா எண்ணைக் கூட்டுவார்கள். வேகம் விநாடிக்கு 3 மீட்டர் என்றால் 36. அதோடு 3 கூட்டினால் 39, 15 கூட்டினால் 51. ஒரே வால்வு, ஒரே வேகம். 39 என்றால் லேசான ஏற்றம் என்பார்கள், 51 என்றால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

வரம்புகளும் உண்டு. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு மூச்சின் அழுத்தம் தலைகீழ், அங்கே இந்த விதி அப்படியே பொருந்தாது. நன்றாகப் பயிற்சி செய்கிற விளையாட்டு வீரருக்குச் சிரை இயல்பாகவே பெரிதாக இருக்கும். டெங்குவில் வயிற்றில் நீர் கோத்தால், வெளியிலிருந்து வரும் அழுத்தத்தாலேயே சிரை சப்பையாகத் தெரியலாம்.

அதனால் ஒரே சிரையோடு நிறுத்தாமல், கல்லீரல், சிறுநீரகச் சிரைகளில் ரத்தம் ஓடும் விதத்தையும் சேர்த்துப் பார்க்கும் முறை ஒன்று வந்திருக்கிறது. வெக்ஸஸ் என்று பெயர், மான்ட்ரியால் குழு 2020-ல் வெளியிட்டது. உள்ளே எத்தனை மி.மீ. என்று கேட்பதை விட்டுவிட்டு, உறுப்புகள் அந்த அழுத்தத்தால் கஷ்டப்படுகின்றனவா என்று அது கேட்கிறது. என் கண்ணுக்கு அது நல்ல கேள்வி.

வழி 3: அழுத்திப் பார்ப்பது, வெளிச்சம் அடிப்பது

பிபி எடுக்கும்போது கஃப்பை இறுக்கித் தமனியை அடைக்கிறோம் இல்லையா? சிரைக்கும் அதைச் செய்யலாம். முன்கைச் சிரையின் மேல் அழுத்தம் அளக்கும் ஒரு பட்டையை வைத்து, அதன் மேல் அல்ட்ராசவுண்ட் புரோபால் மெதுவாக அழுத்துவார்கள். திரையில் சிரை சப்பையாகும் கணத்தில் பட்டை காட்டும் எண்தான் சிரையின் அழுத்தம். கையை இதயத்தின் உயரத்தில் வைத்திருக்க வேண்டும். சுவிட்சர்லாந்துக் குழு ஒன்று 2007-ல் இதை வெளியிட்டது. அழகான யோசனை, டப்பா இல்லாமல் நேரடியாக எண் கிடைக்கிறது. அளப்பவரின் கை நிதானம்தான் இதன் பலவீனம்.

இன்னொரு வழி, கழுத்தில் அகச்சிவப்புக்கு நெருக்கமான ஒளியைச் செலுத்துவது. ஹீமோகுளோபின் அந்த ஒளியை உறிஞ்சும், ஆகவே சிரையில் ரத்தம் நிறைவதும் வடிவதும் சிக்னலாகக் கிடைக்கும். தொடவே தொடாமல், கேமரா வைத்துத் தோலின் ஒளிமாற்றத்திலிருந்து கழுத்துச் சிரையின் அலையைப் பிரித்தெடுக்கலாம் என்று கனடாவின் வாட்டர்லூ ஆய்வாளர்கள் 2017-ல் காட்டினார்கள். மெக்கன்சி தாளில் பதித்த அதே அலை, இப்போது பிக்ஸலிலிருந்து வருகிறது.

நம்ம ஊர்ப் பக்கத்திலும் இதற்கு நெருங்கிய வேலை ஒன்று நடந்திருக்கிறது. ஐஐடி மெட்ராஸின் ஹெச்டிஐசி மையம் உருவாக்கிய ஆர்ட்சென்ஸ். கழுத்துத் தமனியின் விறைப்பை அளக்கும் கருவி. இதன் விசேஷம், படமே எடுக்காது. ஒற்றை அல்ட்ராசவுண்ட் கற்றையை அனுப்பி, தமனியின் இரு சுவர்களிலிருந்து வரும் எதிரொலியை மென்பொருளே கண்டுபிடித்துப் பின்தொடரும். படத்தைப் பார்த்து முடிவு சொல்லும் நிபுணர் தேவையில்லை. அளப்பது தமனியைத்தான், சிரையை இல்லை. ஆனால் சிரை அதற்குப் பக்கத்து வீடு. நிபுணரின் கண்ணை அல்காரிதத்துக்கு மாற்றும் இந்தப் பாதையில்தான் சிவிபியும் ஓபி மேசைக்கு வர முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எண் கிடைத்தால் போதுமா?

இப்போ சம்ப்புக்கு வருவோம். பல வருடங்களாக ஐசியூக்களில் சிவிபி குறைவாக இருந்தால் டிரிப்ஸ் கொடு, அதிகமாக இருந்தால் நிறுத்து என்பது பழக்கம். 2008-ல் பால் மாரிக்கும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை வந்த 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். டிரிப்ஸ் கொடுத்தால் இதயம் அதிக ரத்தத்தை இறைக்குமா என்று சிவிபியால் முன்கூட்டிச் சொல்ல முடிகிறதா? மெஷின் லேர்னிங் ஆட்களுக்குத் தெரிந்த அந்த மதிப்பெண், வளைகோட்டுக்குக் கீழுள்ள பரப்பு, 0.56 வந்தது. நாணயம் சுண்டினால் 0.5. உடம்பின் ரத்த அளவை சிவிபி ஒழுங்காகக் காட்டியதாக அவர்களுக்குக் கிடைத்த ஒரே ஆய்வு, விழித்து நின்றுகொண்டிருந்த 7 பெண் குதிரைகளில் செய்தது!

அப்போ இந்த எண் வீணா? இல்லை. "இன்னும் டிரிப்ஸ் வேண்டுமா" என்ற கேள்விக்கு இது மோசமான பதில். "இதயம் பின்னால் தேங்க விடுகிறதா" என்ற கேள்விக்கு நல்ல பதில். இதயச் செயலிழப்பு நோயாளிகளில் கழுத்துச் சிரை புடைத்திருந்தவர்களுக்கு மறுபடி ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நிலையும் மரணமும் அதிகம் என்று 2001-ல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வுத் தரவு காட்டியது. நம் பக்கத்தில் 2013-ல் நடந்த திருவனந்தபுரம் இதயச் செயலிழப்புப் பதிவேட்டில் 1205 பேர். ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட 10-ல் 3 பேர் இறந்துபோனார்கள். தேக்கத்தை ஒரு வாரம் முன்னாடி கண்டுபிடிப்பதற்கு எவ்வளவு மதிப்பு என்று இந்த எண்ணே சொல்லிவிடும்.

குழந்தைகள் பக்கம், சென்னை அப்போலோ குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் சுசித்ரா ரஞ்சித் குழு 2014-ல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. கிருமித் தொற்றால் ஷாக்கில் இருந்த குழந்தைகளைக் கை கால் சூட்டை வைத்து வகைப்படுத்தினார்கள். கூடவே படுக்கையருகே எக்கோவும் தமனி அழுத்தமும் பார்த்தார்கள். கை சில்லென்று இருந்த பல குழந்தைகளுக்கும் உள்ளே ரத்தக்குழாய்கள் சுருங்கவில்லை, விரிந்துதான் இருந்தன. வெளித்தோற்றம் ஒன்று, உள்நிலவரம் வேறொன்று. ஒரே எண்ணை நம்பாமல் இரண்டு மூன்று சிக்னலைச் சேர்த்துப் படிக்கணும் என்பதுதான் பாடம்.

வீட்டுக்கு எடுத்துப் போக

மூணு விஷயம் சொல்லி முடிச்சுக்கறேன்.

ஒண்ணு, வீட்டில் இதயச் செயலிழப்பு உள்ள பெரியவர்கள் இருந்தால், தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பாருங்க. 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அது சாப்பாடு இல்லை, தேங்கிய நீராக இருக்கலாம். டாக்டரைக் கூப்பிடுங்க. எடை மெஷின்தான் நம்ம கையில் இருக்கிற மலிவான சென்சார்.

ரெண்டு, டெங்குவில் காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகிவிடாதீங்க. கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ரத்தக் கசிவு, சோர்ந்து சுருண்டு கிடப்பது, சிறுநீர் குறைவது, இதில் எது வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்கே "இன்னும் ஒரு பாட்டில் ஏத்துங்க டாக்டர்" என்று நாம் வற்புறுத்துவது உதவி இல்லை. ஏன் என்று இப்போ உங்களுக்குத் தெரியும்.

மூணு, எக்கோ ரிப்போர்ட்டில் வரும் எண்களில் எது அளந்தது, எது டப்பாவிலிருந்து எடுத்தது என்று டாக்டரிடம் கேட்கலாம். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் விளக்கிச் சொல்வார்கள்.

கழுத்துச் சிரையைக் கண்ணாடியில் தேடிப் பாருங்க, தப்பில்லை. கழுத்தை மட்டும் அழுத்திப் பார்க்காதீங்க, பக்கத்திலேயே மூளைக்குப் போகிற தமனி இருக்கு. கேள்விகள் இருந்தால் குரல் பதிவாக அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.